மச்சான் ஏமாற்றியவரா, மச்சானை ஏமாற்றியவரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தருகே உள்ள தேநீர்க் கடையில் மாலைதோறும் கூடிப் பேசும் எங்களிடையே, சென்ற வாரம் கைகலப்பு வரை போகவிருந்த ஒரு பேச்சைப் பற்றியது இக்கடிதம். சாலையில் நடந்து சென்ற ஒருவரைக் காட்டி நண்பர், "அந்தா போறாருல்ல, அவருதான் நம்ம மச்சானேமாத்துன ஆளு" என்றார். இடம் வாங்கித் தருவதாகச் சொல்லித் தம் மைத்துனரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றியவர் என்பதே அவர் சொல்ல வந்தது. பக்கத்தில் உளுந்த வடையைப் பிய்த்துக்கொண்டிருந்த மைத்துனர் காதிலோ, தாம் யாரையோ ஏமாற்றியதாக விழுந்தது. "நான் யாரை ஏமாத்துனேன் மாப்ள?" என்று எழுந்தவரை உட்கார வைப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

நண்பர் மீது பெரிய குற்றமில்லை. 'மச்சானை' என்பதன் இறுதியிலுள்ள ஐகாரம், பேச்சு வேகத்தில் அடுத்த சொல்லின் ஏகாரத்தோடு கரைந்துவிட்டது. ஏமாந்தவரும் ஏமாற்றியவரும் ஒரே ஒலிக்குள் அடங்கிவிட்டார்கள். இது இன்று நேற்று வந்த குழப்பமுமன்று. 'புலி கொல் யானை' என்றால் கொன்றது எது, செத்தது எது என்று தொல்காப்பிய உரையாசிரியர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். இத்தகைய சொல்லுக்குத் 'தடுமாறு தொழிற்பெயர்' என்று தொல்காப்பியத்தின் வேற்றுமை மயங்கியல் என்னும் இயலில் பெயரே உண்டு. பின்னால் வரும் சொல்லைக் கொண்டு பொருளைத் தெளியலாம் என்பது அவர்கள் காட்டும் வழி: யானை ஓடுகிறது என்று முடிந்தால் செத்தது புலி, யானையின் கொம்பு வந்தது என்று முடிந்தால் செத்தது யானை. எங்கள் நண்பரின் வாக்கியமோ 'ஆளு' என்பதோடு நின்றுவிட்டது. மைத்துனரும் அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கவில்லை.

பேச்சிலாவது, "என்ன சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்க வழியிருக்கிறது, அச்சில் அதுவும் இல்லை. 'ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத் தலைவர்' என்று செய்திகளில் படிக்கும்போதெல்லாம், ஓய்வுபெற்றது தலைவரா, சங்கத்து ஆசிரியர்களா என்று ஓய்வுபெற்ற தமிழாசிரியனான நான் தடுமாறுகிறேன். 'ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சங்கத்தின் தலைவர்' என்றோ, 'ஆசிரியர் சங்கத்தின் ஓய்வுபெற்ற தலைவர்' என்றோ எழுதினால் இடம் சிறிது கூடுதலாகும். அதைப் பாராமல் தங்கள் செய்தியாளர்கள் விரித்தே எழுத ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
தெப்பக்குளம், மதுரை.