ஓராண்டு முதுகலையில் பயிற்சி குறையக் கூடாது

நான்கு ஆண்டு இளங்கலை முடித்தவர்கள் ஒரே ஆண்டில் முதுகலைப் பட்டம் பெறலாம் என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்பாடு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். உளவியல் மாணவர்களுக்கு ஓர் ஆண்டுச் செலவு மிச்சம், சரி, வரவேற்கலாம். ஆனால் சுருக்க வேண்டியது வகுப்பறைப் பாடத்தைத்தான், நேரடிப் பயிற்சியை அல்ல. முதுகலைக்குப் பிறகு மேற்பார்வையுடன் இரண்டு ஆண்டு எம்.ஃபில். படித்தவரை மருத்துவ உளவியலாளராக ஏற்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். அந்த அளவுக்குப் பயிற்சியை முக்கியமாகக் கருதும் துறை இது.

கல்லூரியில் உளவியல் கற்பித்த அனுபவத்தில் சொல்கிறேன். தேர்வில் முதலிடம் வாங்கும் மாணவிகூட, முதன்முதலாக ஒரு நோயாளி எதிரே அமர்ந்ததும் ஐந்தாவது நிமிடத்தில் அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுவார். எதிரே இருப்பவர் அழுதால் உடனே பேச்சை மாற்றுவார். ஒவ்வொரு சந்திப்புக்கும் பிறகு ஆசிரியர் கூடவே அமர்ந்து குறிப்பேட்டை வரிவரியாகத் திருத்தினால்தான், பல மாதங்கள் கழித்தாவது அந்தப் பழக்கம் மாறும். இதற்குக் குறுக்குவழி கிடையாது. எனவே ஓராண்டு முதுகலையில் சேர விரும்புபவர்கள், இளங்கலை நான்காம் ஆண்டிலேயே மாவட்ட மனநலத் திட்டம் நடைபெறும் அரசு மருத்துவமனையில் மேற்பார்வையுடன் ஒரு பருவம் முழுக்கப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பதைச் சேர்க்கை விதியாகவே கொண்டுவர வேண்டும்.

– ஓய்வுபெற்ற உளவியல் ஆசிரியை, மதுரை