முழு வேதத்தையும் என் அம்மாவுக்கு வாசித்துக்காட்டியவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும் நண்பர்களுக்கும்,

டிசம்பர் 31 மாலையில் வெளிப்படுத்தின விசேஷத்தின் 22ஆம் அதிகாரத்தை அம்மாவுக்கு வாசித்து முடித்தாயிற்று. ஆதியாகமத்தில் தொடங்கி 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். ஒன்றையும் விடாமல் ஒரே ஆண்டில் அவர் காதால் கேட்டுவிட்டார். தீர்மானம் அம்மாவுடையது. வாசிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டவள் நான். ஆனால் அதை நிறைவேற்றியவர்கள் நீங்கள். நேரில் கண்டபோதெல்லாம் நன்றி சொன்னேன், மனம் ஆறவில்லை. யார் யார் என்ன செய்தீர்கள் என்பதை எல்லாரும் அறியும்படி எழுது என்று அம்மாவும் சொல்லிவிட்டார்.

அம்மாவின் பார்வை மங்கிவருவது உங்களுக்குத் தெரியும். பெரிய எழுத்து வேதாகமமும் பயன்படாமல் போன பிறகு, ஒலிப்பதிவில் கேட்டுக்கொண்டிருந்தார். அது நல்ல உதவிதான். ஆனால் ஒலிப்பதிவை நிறுத்தி, "அந்த வசனத்தை இன்னொரு முறை வாசி" என்று கேட்க முடியாது, "இது யாருடைய மகன்?" என்று விசாரிக்கவும் முடியாது. வேதத்தை ஓர் ஆள் எதிரில் உட்கார்ந்து வாசிக்க, தான் இடையிடையே பேசிக்கொண்டே கேட்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. புத்தாண்டு ஆராதனையிலிருந்து திரும்பிய இரவில் அதைச் சொன்னார். "ஆண்டவருக்குச் சித்தமானால், நாங்களும் உயிரோடிருந்தால்" என்று யாக்கோபு எழுதியதையும் சேர்த்தே சொன்னார்.

முதல் நன்றி நம் போதகர் ஐயாவுக்கு. நாங்கள் கேட்டவுடனே "நல்ல தீர்மானம்" என்று பாராட்டி அனுப்பிவிடாமல், ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். வாரநாட்களில் மூன்று அதிகாரம், ஞாயிறு ஐந்து. வாரத்துக்கு 23, 52 வாரத்துக்கு 1,196. வேதம் முழுவதும் முடிந்து கொஞ்சம் இடமும் மிஞ்சுகிறது. கோபுரம் கட்ட மனதாயிருப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று இயேசு சொன்னதை ஐயா அன்று பிரசங்கிக்கவில்லை, செய்துகாட்டினார்.

ராபர்ட் மர்ரே மெக்செய்னைப் பற்றியும் அவர்தான் சொன்னார். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராக இருந்த இந்த இளைஞர், 1842ஆம் ஆண்டின் முடிவில் தம் சபைக்காக ஓர் ஆண்டு வேதவாசிப்பு அட்டவணையைத் தயாரித்தார். பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இருமுறை. இன்றும் உலகமெங்கும் அதைப் பின்பற்றுகிறவர்கள் உண்டு. அட்டவணையோடு அதிலுள்ள ஆபத்துகளையும் எழுதிக்கொடுத்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வாசிப்பு வெறும் சடங்காகிவிடலாம்; வாசித்துவிட்டேன் என்ற சுயநீதி வரலாம்; கவனமில்லாமல் ஓட்டிவிடலாம்; சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகிவிடலாம். நான்கையும் மனதில் வைத்துத்தான் தொடங்கினோம். அம்மாவுக்குக் களைப்பான நாளில் ஒரு அதிகாரத்தோடு நிறுத்திவிடுவது என்றும், விட்டதைப் பின்னால் பிடித்துக்கொள்வது என்றும் ஐயா சொன்னது எங்களை எத்தனையோ முறை காப்பாற்றியது. மெக்செய்ன் அந்த அட்டவணையின் ஆண்டை முடிக்கவில்லை. 1843 மார்ச்சில், 29 வயதில் இறந்துபோனார். அவர் தொடங்கிவைத்ததை வாசித்துமுடிக்கும் பொறுப்பு சபையாருடைய கைக்கு வந்தது.

ஜனவரி எளிதாகவே போயிற்று. ஆதியாகமமும் யாத்திராகமமும் கதைகளாகவே நகர்ந்தன. பிப்ரவரியில் லேவியராகமம் வந்தது. ஆண்டுத் திட்டத்தோடு வேதம் வாசித்த யாரைக் கேட்டாலும் இந்த இடத்தைச் சொல்வார்கள். பலிகளும் சுத்திகரிப்புகளும் அதிகாரம் அதிகாரமாக வரும்போது வாசிக்கிறவருக்கே நாக்கு உலர்ந்துவிடும். அந்த வாரத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, நம் சபையின் ஓய்வுபெற்ற ஆசிரியை அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். "எந்த அதிகாரம் ஓடுகிறது?" என்றார். சொன்னேன். "அம்மா இன்றைக்கு எதைக் கேட்டு நிறுத்தச் சொன்னார்கள்?" என்றார். அதையும் சொன்னேன். பிறகு ஒரு சனிக்கிழமையும் அவர் தவறவிடவில்லை. ஏன் பின்தங்கியிருக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. எங்கே இருக்கிறாய் என்று மட்டுமே கேட்டார்.

அக்கா, உங்களுக்கு நான் சொல்லும் நன்றி மற்றெல்லாவற்றையும்விடப் பெரியது. புத்தாண்டில் "என்ன தீர்மானம் எடுத்தாய்?" என்று கேட்கிறவர்கள் நிறையப்பேர். மார்ச் மாதத்தில் "அது எப்படிப் போகிறது?" என்று கேட்கிறவர் அபூர்வம். ஒரு சபை செய்யக்கூடிய மிக நல்ல புத்தாண்டு ஊழியம் மார்ச்சில் செய்கிற ஊழியம்தான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். பின்னாளில் அமெரிக்காவின் புகழ்பெற்ற போதகரான ஜோனத்தான் எட்வர்ட்ஸ் 1722, 1723ஆம் ஆண்டுகளில், இருபது வயதுகூட நிரம்பாத பருவத்தில், எழுபது தீர்மானங்களை எழுதினார். தேவனுடைய உதவியில்லாமல் இவற்றில் எதையும் என்னால் செய்யமுடியாது என்பதை முதலில் எழுதிவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை இவற்றை மறுபடி வாசிக்கவேண்டும் என்றும் குறித்துவைத்தார். எங்களுக்கு அந்த வாராந்தர நினைவூட்டல் அக்காவின் குரலாக வந்தது.

ஏப்ரலில் முதலாம் நாளாகமம். முதல் ஒன்பது அதிகாரமும் பெயர்கள்தான். திடப்படுத்தலுக்கு, அதாவது தன் விசுவாசத்தைச் சபைமுன் தானே உறுதிசெய்யும் ஆராதனைக்கு, ஆயத்தப்பட்டுக்கொண்டிருந்த தம்பி ஒருவன், "ஆன்ட்டி, இதை நான் வாசிக்கிறேன்" என்று தானாக முன்வந்தான். தடுக்கித் தடுக்கி எல்லாப் பெயரையும் வாசித்தான். ஒன்றிரண்டை விட்டுவிடலாமா என்று அவன் என்னைப் பார்த்தபோது அம்மா விடவில்லை. "இவர்களையெல்லாம் கர்த்தர் பெயர் சொல்லி எழுதிவைத்திருக்கிறார். நீ வாசி, நான் கேட்கிறேன்" என்றார். தம்பி, அந்தப் பெயர்களை இன்னும் அம்மா உன் உச்சரிப்பில்தான் சொல்கிறார்.

ஜூன் கடைசியில் 119ஆம் சங்கீதம் வந்தது. 176 வசனங்கள், எட்டு எட்டாக 22 பகுதிகள். வாலிபர் கூட்டத்தார் ஆராதனை முடிந்து நேராக வீட்டுக்கு வந்து, ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டு அம்மாவைச் சுற்றி நின்று வாசித்தீர்கள். ஒவ்வொரு குரலையும் யாருடையது என்று அவர் கண்டுபிடித்துச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மாலைக்காக உங்கள் எல்லாருக்கும் நன்றி.

ஜூலையில் என் குரல்வளையில் அறுவை சிகிச்சை செய்யவேண்டியதாயிற்று. முதலில் பேசவே கூடாது, பிறகும் நீண்ட நேரம் சத்தமாக வாசிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நீதிமொழிகளின் நடுவில் நின்றிருந்தோம். இந்த ஆண்டு இவ்வளவுதான் என்று அம்மாவே சமாதானம் சொன்னார். மறுநாள் ஆசிரியை அக்கா கையில் ஒரு அட்டவணையோடு வந்தார். எந்தக் கிழமை யார் என்று எழுதியிருந்தது. நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கக் குரலும் இல்லை.

விடுதியில் தங்கிப் படிக்கும் இரண்டு மாணவியர் செவ்வாயும் வியாழனும் தொலைபேசி வழியாக ஏசாயாவையும் எரேமியாவையும் வாசித்தீர்கள். தேர்வு நேரத்திலும் விடவில்லை. கத்தோலிக்கத் தோழி ஒருவர் புலம்பலை வாசித்தார். அவர் கையிலிருந்த திருவிவிலியத்தின் நடை வேறு. அம்மாவுக்கு மனப்பாடமான நடை வேறு. அம்மாவின் பழைய வேதாகமத்தையே வாங்கிப் பழகிக்கொண்டு, "அவைகள் காலைதோறும் புதியவைகள், உமது உண்மை பெரிதாயிருக்கிறது" என்ற இடத்தை அம்மா கேட்கக் கேட்கத் திரும்பத் திரும்ப வாசித்தார். அந்தப் பெரிய மனதுக்கு நன்றி.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து அதிகாரங்கள் லாரி ஓட்டும் அண்ணனுக்கு. இரவு முழுவதும் வண்டி ஓட்டிவிட்டு ஆராதனைக்கும் வந்து, பிறகு எங்கள் வீட்டுக்கும் வருவார். விரலை வரியின் கீழே வைத்து, எழுத்துக்கூட்டி மெதுவாக வாசிப்பார். தம் வாசிப்பு சரியில்லை என்று முதலில் தயங்கினார். அண்ணா, அம்மாவுக்கு எல்லாரிலும் உங்கள் வாசிப்புதான் பிடிக்கும். ஒவ்வொரு சொல்லும் காதில் இறங்க நேரம் கொடுக்கிறீர்கள் என்கிறார்.

அடுத்த வீட்டுப் பெரியம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் வாசிக்கிற நேரத்தில் தினமும் வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். வாசிக்க வரவேண்டியவர் தாமதித்தால் அதுவரை இருவரும் ஜெபித்துக்கொண்டிருப்பார்கள். அம்மாவோடு சேர்ந்து அவரும் முழு வேதத்தையும் கேட்டுவிட்டார் என்பதை இந்த மடலில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

அக்டோபர் கடைசியில் லூக்கா 13ஆம் அதிகாரம் வந்தது. கனி கொடாத அத்திமரத்தை வெட்டிப்போடு என்கிறார் எஜமான். தோட்டக்காரன் குறுக்கே வந்து, "ஐயா, இது இந்த வருஷமும் இருக்கட்டும், நான் இதைச் சுற்றிலும் கொத்தி, எருப்போடுவேன்" என்கிறான். சிறுவயதிலிருந்து கேட்ட உவமைதான். ஆனால் அன்று வாசிக்கமுடியாமல், கேட்கிறவளாக மட்டும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, மரம் அந்தக் கதையில் எதுவுமே செய்யவில்லை என்பதைக் கண்டேன். இனிமேல் கனி கொடுப்பேன் என்று மரம் தீர்மானம் எடுக்கவில்லை. அதற்குக் கிடைத்த புதிய ஆண்டு வேறொருவன் கேட்டு வாங்கித் தந்தது. கொத்துகிற வேலையும் எருப்போடுகிற வேலையும் அவனுடையவை.

பேதுருவின் தீர்மானத்தையும் அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். எல்லாரும் இடறலடைந்தாலும் நான் ஒருக்காலும் இடறலடையேன் என்று, மற்றவர்களிலிருந்து தன்னைப் பிரித்துவைத்துச் சொன்ன தீர்மானம் அது. இயேசுவை அறியேன் என்று அவன் மறுதலித்தபோது, விடியும் முன்பே அது உடைந்தது. ஆனால் அவன் அதைச் சொல்லும் முன்பே ஆண்டவர் அவனுக்காக வேண்டிக்கொண்டிருந்தார். தானியேலோ, ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தக் கூடாது என்று தீர்மானித்தபோது கேட்டது பத்து நாள் சோதனை. கூடவே மூன்று நண்பர்கள் இருந்தார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1755இல் லண்டனில் நடத்திய உடன்படிக்கை ஆராதனையிலும், தேவனுக்குத் தங்களை மறுபடி ஒப்புக்கொடுத்தவர்கள் சபையாகக் கூடிநின்றே ஒப்புக்கொடுத்தார்கள். மெதடிஸ்ட் சபைகள் பலவும் இன்று அதைப் புத்தாண்டில் நடத்துகின்றன. என் தீர்மானம், என் மன உறுதி என்று தனித்தனியாகச் சுமப்பது கிறிஸ்தவ வழி அல்ல என்றே நினைக்கிறேன். தேவன் உதவி செய்கிறார் என்று நாம் சொல்கிறோம். எனக்கு அந்த உதவி அட்டவணையாகவும், தொலைபேசி அழைப்பாகவும், தூக்கம் விழித்த கண்களோடு வாசற்படி ஏறிவந்த அண்ணனாகவும் வந்தது.

என் குரல் இப்போது ஏறக்குறையத் திரும்பிவிட்டது. உங்கள் ஜெபங்களுக்கு நன்றி. அம்மா இந்த ஆண்டு நான்கு சுவிசேஷங்களை மட்டும், அவசரமில்லாமல், கேட்கவேண்டும் என்கிறார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் நம் சபையில் பார்வை குறைந்து வீட்டோடு இருக்கிற முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் வாசிக்க ஆசிரியை அக்கா புதிய அட்டவணை தயாரித்திருக்கிறார். புதனும் வெள்ளியும் இன்னும் ஆள் இல்லாமல் இருக்கின்றன. அரைமணி நேரம் ஒதுக்கமுடிந்தவர்கள் அக்காவிடம் பெயர் கொடுங்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர்களும் தயங்காமல் கொடுங்கள்.

லாரி ஓட்டும் அண்ணனின் மனைவிக்கு இந்த மாதம் சிகிச்சை தொடங்குகிறது. அவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில், அம்மாவின் வாழ்த்துகளோடு,
உங்கள் சகோதரி