ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து அப்பாவுக்கு

கவுலி, ஆக்ஸ்ஃபோர்டு
14 டிசம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் பத்திரிகைத் துணுக்கும் கிடைத்தன. ‘பதினைந்து நிமிட நகரம் என்று சொல்லி ஜனங்களைப் பேட்டைக்குள் அடைக்கிறார்களாமே?’ என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா பயந்திருப்பாள். யாரையும் அடைக்கவில்லை என்று அவளிடம் சொல்லுங்கள். எங்கு வேண்டுமானாலும் போகலாம். சில சாலைகள் வழியாகக் காரில் போனால் பணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான். என்னிடம்தான் காரே இல்லையே!

இரண்டு சங்கதிகளைப் போட்டுக் குழப்பிவிட்டார்கள். கடை, பள்ளிக்கூடம், வைத்தியர் எல்லாம் கால் மணி நேர நடைக்குள் இருக்க வேண்டும் என்பது பாரிஸ் பேராசிரியர் கார்லோஸ் மோரெனோ 2016இல் சொன்ன யோசனை. இந்த ஊர் நகர மன்றமும் அதை எடுத்துக்கொண்டது. ஆறு சாலைகளில் கேமரா வைத்துக் கார்களைக் குறைப்பது, மாவட்ட மன்றம் 2022 நவம்பரில் எடுத்த வேறு முடிவு. ரயில் பால வேலைக்காக போட்லி சாலையை 2023 ஏப்ரலில் மூடியதில் அது தள்ளிப்போய், அதற்குப் பதில் இந்த அக்டோபர் 29 முதல் தற்காலிகமாக நாளுக்கு 5 பவுண்டு வசூல். இரண்டையும் சேர்த்துச் சிறை என்று பெயர் வைத்து 2023 பிப்ரவரியில் ஊர்வலம்கூட நடந்தது.

பக்கத்து வீட்டுக் கிழவர் அந்த ஊர்வலத்தில் போனவர். இங்குள்ள கார் தொழிற்சாலையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். வில்லியம் மோரிஸ் 1913இல் கார் கட்டத் தொடங்கிய பேட்டை இது. ‘எங்களைக் கார் செய்ய வைத்துவிட்டு, இப்போது நடக்கச் சொல்கிறார்கள்’ என்பார். உள்ளூர்க்காரர்களுக்கு வருஷத்துக்கு 100 நாள் கட்டணமில்லா அனுமதி உண்டு. அதற்காக ஒரு நோட்டு போட்டிருக்கிறார். நாள் தீர்ந்துவிடுமே என்று எங்கும் போவதில்லை. நோட்டில் ஒரு கோடுகூட விழவில்லை. அரசாங்கம் பூட்டாத கதவை அவரே பூட்டிக்கொண்டிருக்கிறார். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: மாலை நான்கு மணிக்கே இருட்டி, ஈர இலை வழுக்கும் நடைபாதையில், மூட்டு தேய்ந்தவருக்குப் பதினைந்து நிமிடம் என்பது எவ்வளவு தூரம் என்று வரைபடம் போட்டவர்கள் அவரைக் கேட்கவில்லை.

நீங்கள் ஓவர்சியராக ரோடு அளந்தவர், உங்களுக்குப் புரியும். வீட்டிலிருந்து கடை எவ்வளவு தூரம் என்று அளக்கிறார்கள். அந்தக் கடையில் நிற்கும் பெண் எங்கிருந்து வருகிறாள் என்று அளப்பதில்லை. அவள் இரண்டு பஸ் மாறி வருகிறாள். எல்லாம் நடை தூரத்தில் இருக்கும் தெருவில் வாடகை ஏறுகிறது. ஏறினால் அவளைப் போன்றவர்கள் இன்னும் தள்ளிப் போகிறார்கள். மற்றபடி நவீன வசதிக்குக் குறைவில்லை. எங்கள் பஸ் நிறுத்தத்து மின்பலகை எப்போது பார்த்தாலும் மூன்று நிமிடம் என்கிறது. கிழக்கு ஆக்ஸ்ஃபோர்டில் கார் புகாமலிருக்க 2022இல் தெருக்களின் குறுக்கே நட்ட கம்பங்களை யாரோ உடைத்துக்கொண்டே இருந்ததால், அங்கே கேமரா வைத்து அபராதம் போடுகிறார்கள். அது மட்டும் ஒருநாளும் தவறுவதில்லை.

என் வேலை ஹெடிங்டன் பக்கம். விடியுமுன் நடந்தே போகிறேன். பஸ் இருக்கிறது, ஆனால் நடை உடம்புக்கு நல்லது பாருங்கள். ஓவர்டைமும் நானாகக் கேட்டு வாங்கியதுதான். இரண்டு கால்சட்டை போட்டுக்கொண்டால் குளிர் தெரியாது. கறிவேப்பிலை விற்கும் கடைகூடப் பத்து நிமிடத்தில் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு கணவனும் மனைவியும் எந்தப் பருப்பு வாங்குவது என்று தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வாங்க வேண்டியதை வாங்கிய பிறகும், அரிசி மூட்டையின் விலையைப் படிப்பவன்போல அவர்கள் போகும்வரை நின்றேன். வெளியே வந்து மீதி அங்காடித் தெரு முழுக்கச் சும்மா நடந்தேன். அம்மா அங்கே உங்களோடு பருப்புக்குப் போடும் சண்டையை எத்தனை நாள் எரிச்சலோடு கேட்டிருக்கிறேன்.

அது போகட்டும். அம்மாவின் கண் அறுவை சிகிச்சையைத் தைக்கு மேல் தள்ள வேண்டாம். கோமதியைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், மணி வேண்டாம், அவனுக்கு ஆஸ்பத்திரியில் பொறுமை கிடையாது. இந்த மாதப் பணம் வங்கிக் காகித வேலையால் சற்றுத் தாமதமாக வரும். சித்தப்பாவிடம் வாங்கியதைப் பங்குனிக்குள் கொடுத்துவிடலாம் என்று சொல்லிவையுங்கள், ‘பங்குனி’ என்று மட்டும் சொல்லுங்கள், தேதி சொல்லாதீர்கள். கோமதிக்கு வந்த வரனின் ஜாதகத்தைவிட அந்தப் பையன் எங்கே வேலை பார்க்கிறான் என்பதை மணியை நேரில் அனுப்பி விசாரியுங்கள். கிணற்றடி நிலத்துக்கு அத்தை கொண்டுவரும் பத்திரத்தில், வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கும்வரை கையெழுத்துப் போட வேண்டாம். வடக்கு எல்லையை நீங்களே ஒருமுறை சங்கிலி பிடித்து அளந்துவிடுங்கள்.

உங்கள் அன்பு மகன்,
சேகர்