மரக்காலைகளுக்கும் ஓடாவிமாருக்கும்: பாண்ட்சோ வாளை நேரத்துக்கு இறக்குங்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இரண்டு சில்லில் நாடா போலச் சுற்றி ஓடிப் பலகை பிளக்கும் பாண்ட்சோ வாள்களில் பல, எங்கள் பட்டறைக்குக் கூராக்க வரும்போதே பல்முனை உருண்டு, பல்லிடைப் பள்ளத்தின் அடியில் மயிரிழை வெடிப்பு விழுந்த நிலையில் வருகின்றன. அந்த நிலையில் நாங்கள் செய்யக்கூடியது மிகக் குறைவு. மழுங்கிய பிறகும் “இந்தக் குத்தியை முடித்துவிட்டு இறக்குவோம்” என்று ஓட்டும் கடைசி அரை மணித்தியாலம்தான் வாளின் ஆயுளைக் குடிக்கிறது. அதைத் தவிர்ப்பதற்காகவே இந்த மடல்.

4 மீற்றர் நீளமான வாள் செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் ஓடினால், அதன் ஒவ்வொரு இடமும் செக்கனுக்கு 5 தடவை சுற்றி வரும். ஒரு சுற்றுக்கு இரண்டு சில்லிலும் வளைந்து நிமிரும். மணித்தியாலத்துக்கு 36,000 வளைவு. கூரான வாள் இதைத் தாங்கும். மழுங்கியதும் மரத்தை நீங்கள் கூடுதலாகத் தள்ளுகிறீர்கள். வாளின் முதுகு பின்பக்கத்து பேரிங்கில் நெரிகிறது, பல்லில் விழும் பாரமும் கூடுகிறது. அந்தப் பாரம் பள்ளத்தின் அடியில்தான் குவியும். வெடிப்பு அங்கே தொடங்குவது இதனால்தான்.

மழுங்கத் தொடங்கியதை வாளே காட்டும். துருவல் போல விழுந்த தூள் மாவாகும். பலகையின் முகம் அலை அலையாக வரும், அல்லது நடுவில் பருத்து ஓரத்தில் மெலியும். மோட்டரின் சத்தம் கனக்கும். கருகல் மணம் வந்துவிட்டால் நேரம் கடந்துவிட்டது. மோட்டரை நிறுத்தி, ஒரு பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கூரான முனையில் வெளிச்சம் தெறிக்காது. மழுங்கிய முனையில் வெள்ளைக் கோடாக மின்னும். கோடு மெல்லியதாக இருக்கும்போது இறக்கினால் 0.1 மில்லிமீற்றர் அளவு அராவினாலே போதும். முனை உருண்ட பிறகு கொண்டுவந்தால் அதைப் போலப் பல மடங்கு தேய்த்து எடுக்கவேண்டும். ஒரே வாளை எத்தனை தரம் கூராக்கலாம் என்பது அங்கேதான் தீர்மானமாகிறது.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்று பலர் கேட்கிறீர்கள். மரத்தைப் பொறுத்தது. பச்சை வேம்பு, மா என்றால் ஒன்றரை இரண்டு மணித்தியாலம் ஓடலாம். காய்ந்த முதிரை, பாலை என்றால் ஒரு மணித்தியாலத்துக்குள் பல்லைப் பாருங்கள். தேக்கு தொட்டால் மெதுவாக இருக்கும், ஆனால் அதில் சிலிக்கா இருப்பதால் முனையைத் தேய்த்துவிடும். பனை இன்னும் மோசம்: வெளிப்பக்கத்துக் கறுப்பு நார் இரும்பாக நிற்கும், உள்ளே சோற்றி மெதுவாக இருக்கும், வாள் மெதுவான பக்கம் ஓடப் பார்க்கும். பனை அறுக்கும் நாளில் வழக்கமான நேரத்தின் பாதியில் வாளை மாற்றுங்கள்.

மரத்தைவிட வேகமாகக் கூரைத் தின்பது மண். செம்மண்ணில் இழுத்துவந்த குத்தியின் பட்டையில் மணல் ஒட்டியிருக்கும். வாள் உள்ளே நுழையும் பக்கத்துப் பட்டையையாவது கோடாலியால் செதுக்கிவிடுங்கள், அல்லது கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். வேலியில் கதியாலாக நின்ற பூவரசிலும் வேம்பிலும் ஆணியும் முட்கம்பியும் உள்ளே வளர்ந்து மறைந்திருக்கும். பழைய வீட்டு வளை, சிலாகைகளிலும் அப்படியே. போர்க்காலத்துச் சன்னமும் செல் துண்டும் எங்கள் மரங்களில் இன்னும் இருக்கின்றன. வெட்டுமுகத்தில் நீலக் கறுப்புக் கறை கண்டால் பக்கத்தில் இரும்பு இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கையில் பிடிக்கும் மெற்றல் டிடெக்டர் ஒன்று வாங்குவது வீண்செலவல்ல. ஆணியில் பட்டுவிட்டால் உடனே மோட்டரை நிறுத்துங்கள். ஓடும் வாளோடு மரத்தைப் பின்னுக்கு இழுத்தால் வாள் சில்லைவிட்டுக் கழன்று வரும்.

மெதுவாகத் தள்ளினால் கூர் நிற்கும் என்பது பிழையான எண்ணம். பல் மரத்தைக் கடிக்காமல் உரசிக்கொண்டே போனால் சூடேறி இன்னும் கெதியாக மழுங்கும். துருவல் ஒழுங்காக விழும் அளவுக்குத் தள்ளுங்கள். மேல் கைட் (வாளை நேராகப் பிடிக்கும் மேல் தாங்கி) மரத்துக்கு அரை அங்குலம் மேலே நிற்கட்டும்.

பலாப்பாலும் வேம்புப் பிசினும் வாளின் பக்கங்களில் ஒட்டினால் வெட்டுக்குள் வாள் இறுகிச் சூடாகும். 5 லீற்றர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், வெள்ளையாகப் படியும். மழைத்தண்ணீர் சேர்த்து வைத்திருந்தால் அதைப் பாவியுங்கள். வேலை முடிந்ததும் இழுவையைத் தளர்த்தி, வாளைத் துடைத்து எண்ணெய் பூசுங்கள். உப்புக்காற்றில் ஒரே இரவில் துரு பிடிக்கும். பள்ளத்தில் பிடித்த துருவும் வெடிப்புக்கு வழி.

நீங்களே கூராக்குவதானால், எமரிக் கல் பல்லின் முன்முகம், பள்ளம், முதுகு மூன்றையும் ஒரே ஓட்டத்தில் தொட்டுப் போகவேண்டும். முனையை மட்டும் தேய்த்தால் பள்ளம் ஆழம் குறைந்து தூளைச் சுமக்காது. உயரமான பலகை பிளக்கும்போது இது உடனே தெரியும். அழுத்தி ஒருமுறை ஓட்டாமல் மெல்ல இரண்டுமுறை ஓட்டுங்கள். முனை நீலமானால் உருக்கின் பதம் கெட்டுவிட்டது. பல்லின் முன்சாய்வு பொதுவாக 10 பாகை. காய்ந்த வைர மரத்துக்கு 7 அல்லது 4 பாகை போதும்.

செற், அதாவது பற்களை இரண்டு பக்கமும் வெளியே வளைத்திருக்கும் அளவு, பல்லின் மேற்பகுதியில்தான் இருக்கிறது. இரண்டு மூன்று தரம் அராவினால் குறைந்துவிடும். காய்ந்த வைர மரத்துக்குப் பக்கத்துக்கு 0.45 மில்லிமீற்றர், பச்சை மரத்துக்கு 0.6 வரை வைக்கலாம். முதலில் செற், பிறகு கூர். ஒரு பக்கம் கூடினால் வாள் அந்தப் பக்கம் ஓடும். கூரான வாளும் கோணலாக அறுத்தால் இதைத்தான் முதலில் அளந்து பாருங்கள்.

அனுப்பும் வாளை மூன்று சுற்றாக மடித்து இரண்டு இடத்தில் கட்டி, என்ன மரம், எத்தனை மணித்தியாலம், ஆணி பட்டதா என்று ஒரு துண்டில் எழுதி இணையுங்கள். கார்பைட் (மிகக் கடினமான உலோகக் கலவை) பல் வாளைத் தனியாகக் கட்டுங்கள், அதற்கு வேறு கல். மடிக்கும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

இப்படிக்கு,
வாள் கூராக்கும் பட்டறையினர்
யாழ்ப்பாணம்