பாத்திரத்தை எடைக்குப் போட்டுவிடாதே

அன்புள்ள முருகேசா,

இங்கே எல்லோரும் சுகம். பெரியவளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள். பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

பரணை ஒழித்து, உன் அம்மாவின் பித்தளைப் பாத்திரங்களை எடைக்குப் போடப் போகிறாயாமே? சரசு சொன்னாள். சாம்பார் கசக்கிறது, பாத்திரம் கெட்டுப்போச்சு என்றாயாம். பாத்திரம் எங்கே கெட்டது? உள்ளே பூசிய வெள்ளீயம், அதாவது டின், தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பித்தளை வெளியே தெரிந்தால் புளி அதில் உள்ள செம்பைக் கரைக்கத்தான் செய்யும். களிம்பேறிய சாம்பார் வயிற்றைப் புரட்டும். ஈயம் பூசும்வரை அதில் சமைக்காதே.

போன வாரம் எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுபவர் வந்தார். குண்டானைக் கொடுக்கும் முன் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கழுத்தில் பூச்சு வெள்ளையாக அப்படியே இருக்கிறது. அடியும் பக்கமும் சேரும் வளைவில் மட்டும், கரண்டி சுற்றிச் சுற்றி வந்த தடம் மஞ்சளாகத் தெரிகிறது. கரண்டியையும் எடுத்துப் பார்த்தேன். மற்றவர்கள் வீட்டில் இடது ஓரம் தேயும். எங்கள் அம்மாவுடையது வலது ஓரம் தேய்ந்திருக்கிறது. அவள் இடதுகைக்காரி, உனக்குத் தெரியுமே. கரண்டியைக் கீழே வைக்க மனசு வரவில்லை முருகேசா.

அவர் குண்டானைக் கரியில் காய்ச்சி, ஈயம் நன்றாக ஒட்டுவதற்காக நவச்சார உப்பைத் தூவினார். குப்பென்று வெள்ளைப் புகை. ஈயக்கட்டியை ஓர் இழுப்பு இழுத்து, பஞ்சால் ஒரே சுற்றில் துடைத்தார். உள்ளே பளபளவென்று முகம் தெரிந்தது!

ஒன்று மட்டும் கவனம். வெள்ளீயம்தானா என்று கேட்டுப் பூசச் சொல். மலிவாகக் கிடைக்கிறதென்று காரீயம், அதாவது லெட், கலப்பவர்களும் உண்டு. அது விஷம், குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். உன் வீட்டில் பேரன் இருக்கிறான்.

அப்புறம், வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. 232 டிகிரியில் வெள்ளீயம் உருகிவிடும். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100-ஐ ஒட்டித்தான் நிற்கும், பயமில்லை. எண்ணெய்ச் சூடு அப்படி நிற்காது, தாளிப்பதை மட்டும் வேறு கரண்டியில் செய். ஹாஸ்டலில் நீ தாளித்த அழகைப் பார்த்தவன் சொல்கிறேன்! தேய்க்கக் கம்பிநார் வேண்டாம், தேங்காய்நார் போதும்.

சித்திரையில் சரசு இங்கே வருகிறாள். அண்டா, குண்டான் எல்லாவற்றையும் அவளிடம் கொடுத்தனுப்பு. பூசுகூலி என் பொறுப்பு. அதுவரை பழைய பாத்திரக்காரர் வந்தால் கதவைத் திறக்காதே.

உடனே பதில் போடு.

உன்,
ராமு