தொப்பூர் மேட்டில் வண்டியை நிறுத்திய அண்ணனுக்கு

போன செவ்வாய் இரவு, சேலத்திலிருந்து தர்மபுரிக்கு லோடோடு போன என் 2004 மாடல் லாரி தொப்பூர் மேட்டில் இழுக்கவே இல்லை. மிதிக்க மிதிக்க எஞ்சின் விக்கியது. இரண்டாவது கியரிலும் திணறவே ஓரங்கட்டினேன். எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் நாசில் போய்விட்டது, பெரிய செலவு என்றே நினைத்தேன்.

தேங்காய் லோடு ஏற்றி வந்த நீங்கள், நான் கை காட்டாமலே நிறுத்தினீர்கள். முதல் வேலையாக என் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தீர்கள் (எனக்கு அது தோன்றவே இல்லை). அப்புறம் ஒரே கேள்வி: "கரும்புகை வந்துச்சா தம்பி?" இல்லை என்றேன். "அப்ப நாசில் இல்ல, டீசலே சரியாப் போகல" என்றீர்கள்.

டீசல் ஃபில்டர் மேலிருந்த ஸ்க்ரூவைத் தளர்த்தி ஹேண்ட் பம்பை அடித்ததும் டீசல் நுரை நுரையாக வந்தது. டீசல் போகிற வழியில் காற்று புகுந்திருக்கிறது! டார்ச்சை வாயில் கவ்வியபடி டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஓஸைத் தடவிக்கொண்டே போய், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் பக்கம் முடியளவு வெடிப்பைப் பிடித்தீர்கள். வெடித்த நுனியை அறுத்து, மறுபடி மாட்டி, கிளிப்பை இறுக்கி, நுரை நிற்கும்வரை பம்ப் அடித்தீர்கள்.

டீக்காசுகூட வாங்கவில்லை. விடிவதற்குள் பெங்களூரு போகணும் என்று கிளம்பிவிட்டீர்கள். பெயர் கேட்க மறந்துவிட்டேன் அண்ணே. உங்கள் பத்தாம் நம்பர் ஸ்பேனர் என் கேபினில்தான் இருக்கிறது.