கருப்பை இறக்கம்: பயிற்சியையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

கருப்பை தன் இடத்திலிருந்து கீழே சரியும் கருப்பை இறக்கம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, அறுவை சிகிச்சையை விரிவாக விளக்கிவிட்டு, பயிற்சியை ஒரே வரியில் கடந்துவிட்டது. ஆரம்ப நிலை இறக்கத்துக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது, கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சிதான். சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசைகளை உள்ளிழுத்து, மூச்சை அடக்காமல் சில நொடிகள் பிடித்து, முழுதாகத் தளர்த்த வேண்டும். தினமும் மூன்று வேளை, சில மாதங்கள் விடாமல் செய்தால் தொந்தரவு குறையும். 447 பெண்கள் பங்கேற்ற ஆய்வு ஒன்று 2014-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இதைக் காட்டியது. முழுதாக வெளியே வந்துவிட்ட கருப்பைக்கு இது போதாது, சரி. ஆனால் அந்த நிலை வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

கிராம சுகாதாரச் செவிலியராக நான் பார்த்த பெண்களில் பலர், பிரசவமான சில வாரங்களிலேயே தண்ணீர்க் குடம் தூக்கியவர்கள். 'அடி இறங்குது' என்று சொல்லக் கூச்சப்பட்டு ஆண்டுக்கணக்கில் மறைத்தார்கள். முழங்காலை மடக்கி, தசையை இறுக்கி, மூச்சை விட்டபடி பாரம் தூக்க அவர்களுக்கு யாருமே கற்றுத்தரவில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். பிள்ளை பெற்ற பெண்களுக்கு இந்தப் பயிற்சியைக் கற்றுத்தருவதையும், முடிந்தவரை பெண் இயன்முறை மருத்துவர்களைக் கொண்டே, அத்திட்டத்தில் சேர்க்க அரசு முன்வர வேண்டும்.

ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
தருமபுரி மாவட்டம்